தறி ஓடும் வீட்டில் திரையைக் குறைக்க

ஆரணியிலும் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பட்டு நெய்கிற வீடுகளில் தறி கூடத்திலேயே இருக்கிறது. சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான். இந்த வீடுகளில் போனே வேண்டாம் என்று சொல்ல முடியாது. புட்டா டிசைனும் முடிந்த சேலையின் படமும் வாட்ஸ்அப்பில்தான் போய் வருகின்றன. அதனால் வேலைக்கான போனை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்க வேண்டும்.

முதலில் கணக்குப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதி, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பெரியவர்களின் கணக்கை எடுங்கள். அப்பா படுக்கையில் ரீல்ஸ் பார்க்கும் வீட்டில் மகனுக்குச் சொல்லும் புத்தி ஏறாது.

அடுத்து, தறியில் இருக்கும்போது கேட்பது சரி, பார்ப்பது கூடாது என்று வையுங்கள். பாட்டு, ரேடியோ, பேச்சு எதுவும் ஓடட்டும். போன் மாடத்தில் இருக்கட்டும். சீரியலை எதிரே சாய்த்து வைத்தால் கண் அங்கே போகும், இழை அறுந்தது தெரியாமல் ஊடை ஓடிவிடும். பிறகு பிரித்து நெய்ய வேண்டியதுதான். அந்தக் கூலியை யார் தருவார்கள்?

மிகக் கடினமானது கைக்குழந்தை விஷயம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இரண்டு கையும் நாடாவிலும் ஜரிகையிலும் இருக்கையில் பிள்ளை வீறிட்டால் தாய் என்ன செய்வாள்? கவனம் கேட்கும் முந்தி வேலையைக் குழந்தை தூங்கும் நேரத்துக்கோ பால்வாடிக்குப் போன நேரத்துக்கோ தள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, துணிப்பந்து போட்ட கூடையைத் தறி நேரத்துக்கு மட்டும் என்று எடுத்து வையுங்கள். மற்ற நேரத்தில் கண்ணில் காட்டாதீர்கள். பட்டு நூலை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். சோறு ஊட்டுவதைப் போன் இல்லாமல் திண்ணைக்கு மாற்றுங்கள். நாலைந்து நாள் அழுகை இருக்கும். அந்த நாட்களில் தாயைக் குறை சொல்லாமல் வீட்டில் ஒருவராவது தூக்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு வழி. பள்ளி விட்டதும் வெளிச்சம் இருக்கும்வரை வெளியே விளையாடட்டும். பகல் வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. இரவில் கட்டத்தாளும் கலர் பென்சிலும் கொடுத்துப் புட்டா வரையச் சொல்லுங்கள். ஜக்கார்டு அட்டை அடிப்பதற்கு முன் டிசைன் அப்படித்தானே உருவாகிறது!

மாலையில் ஒரு மணி நேரம் எல்லா போனும் ஒரே இடத்துக்குப் போகட்டும், டிவியும் அணையட்டும். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்கான் என்ற ஊரில் 2022-ல் இதை ஊரே சேர்ந்து தொடங்கியது. தினமும் மாலை 7 மணிக்குச் சைரன் ஒலித்ததும் ஒன்றரை மணி நேரம் டிவியும் போனும் அணைக்கப்பட்டன. சைரன் இல்லாவிட்டாலும் உங்கள் தெருவில் நாலு வீடு பேசி வைத்துக்கொண்டால் போதும். பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்காதபோது நம் வீட்டுப் பிள்ளையை உட்கார வைப்பது எளிது. பகலெல்லாம் இழையை உற்றுப் பார்த்த உங்கள் கண்ணுக்கும் அந்த நேரம் ஓய்வு.

போனிலேயே சில மாற்றங்கள் செய்யுங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். வாட்ச் ஹிஸ்டரியை அழித்து அணைத்துவிட்டால், முகப்பில் வீடியோக்கள் வந்து குவியாது. வேலைத் தொடர்புகளுக்குத் தனி ஒலி வைத்து மற்ற அறிவிப்புகளை மூடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நின்றுபோகும். போன் திரும்பக் கைக்கு வருவது அப்போதுதான். மழைக்கு முன்பே கேரம், தாயம், நூலகப் புத்தகம் என்று எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு பாவு நெய்து முடியும்வரை இதை விடாமல் செய்து, பிறகு கணக்கை மறுபடி பாருங்கள். போனை வாங்கினால் பிள்ளை பொருளை உடைக்கிறது, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டன, பள்ளிக்குப் போக மறுக்கிறது என்றால் வீட்டு விதிகள் மட்டும் போதாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ இரவிலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.