மருந்து அடிக்கும் முன் ஒரு காலைப் பொழுது பாருங்க!



ஆடி போய் ஆவணி பிறந்துவிட்டது. வெயில் இன்னும் முழுசா விட்டபாடில்லை. ஒரு நாள் மழை, நாலு நாள் வெயில் என்று போகிறது. மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்து முடிந்து, பூ வந்து விழுது இறங்கும் சமயம். செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் வரப்பெல்லாம் பட்டாம்பூச்சி, கம்பியெல்லாம் குருவி. நாம்தான் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறோம். இந்த மாதப் பாடம் நிமிர்ந்து பார்ப்பது பற்றியது.

பாடத்தை ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறோம். தப்பு எங்களுடையதுதான். போன வருசம் கூட்டமைப்புத் தோட்டத்தில் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடிகளில் புழு விழுந்தது. இரண்டு செடி மொட்டை. பார்த்தவுடன் பயந்துபோய், என்ன புழு என்று கூடப் பார்க்காமல், கடையில் கேட்டு மருந்து வாங்கி அடித்துவிட்டோம். புழு செத்தது உண்மை. ஆனால் மருந்து அடித்த இலையைப் பறித்து விற்க மனசு வருமா? பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தை நம்பி கட்டுப் போட்டு விற்கும் சகோதரிகளுக்கு அந்தப் பௌர்ணமி வியாபாரம் போச்சு. மூணாவது வாரம் பார்த்தால் கொழுந்தெல்லாம் சுருண்டு பிசுபிசுவென்று அசுவினி. அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் சேர்த்து நாமே கொன்றிருந்தோம். மருந்துக் காசும் தண்டம்.

அந்தப் புழு எது என்று பிறகுதான் விசாரித்தோம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்

கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம் போல கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உற்றுப் பார்த்தால் நகரும். எச்சம் என்று நினைத்து குருவி ஒதுங்கிப் போகட்டும் என்றுதான் இந்த வேஷம். வளர வளர பச்சையாகிவிடும். பச்சைப் புழுவைக் குச்சியால் தொட்டுப் பாருங்க. தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு போல ஆரஞ்சு நிறத்தில் வெளியே நீட்டும், ஒரு வாடையும் வரும். கடிக்காது, அரிக்காது. இதுதான் எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு. கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்குமே, அதுதான். முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் இதற்குச் சாப்பாடு. ஆகவே செடிக்கு இரண்டு மூன்று புழு இருந்தால் மருந்து வேண்டாம். இலையோடு கிள்ளி எடுத்து, பக்கத்தில் பெரிய வில்வமோ நாரத்தையோ இருந்தால் அதில் விட்டுவிடுங்கள். பெரிய மரம் தாங்கும். சின்னக் கன்று தாங்காது, அது உண்மை. கன்று வைத்திருப்பவர்கள் தினமும் காலையில் ஒரு சுற்று பார்த்தே ஆகணும். பழைய கொசுவலைத் துணி மூடினாலும் போதும்.

இன்னொன்று. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிக்கு அடிக்க 2005 முதல் தடை இருக்கிறது. யாராவது "இதை அடிங்க, எல்லாம் ஓடிடும்" என்று கொடுத்தால் டப்பாவின் மேல் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகள் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கம்பளிப்புழு வேற கதை

"எல்லாப் புழுவும் பட்டாம்பூச்சி ஆகுமா?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். ஆகாது. மல்லாட்டையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சியின் பிள்ளை. இதனிடம் நாம் இரக்கம் காட்ட முடியாது. குழுக் கடன் வாங்கி விதைத்த கொல்லை. கொல்லை போனால் தவணை போகும்.

ஆனால் இதை எப்போது அடிக்கணும் என்பதில்தான் சூட்சுமம். ஆனி, ஆடியில் நல்ல மழை பெய்த சில நாட்களில், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தது அந்தாக வெளியே வரும். வெள்ளை இறக்கையில் பழுப்புக் கோடு, தலையில் மஞ்சள் பட்டை. வந்தவுடன் இலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் குவியலாக முட்டை வைக்கும். அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் ஒரு கையால் நூறு புழு ஒழிந்தது. விட்டுவிட்டால் புழு முடி முளைத்து, கொல்லை விட்டுக் கொல்லை படையெடுக்கும். முடி முளைத்து விரல் நீளம் வளர்ந்த புழு மருந்துக்கு லேசில் சாகாது. நம்மில் பலர் அப்போதுதான் மருந்து வாங்க ஓடுகிறோம்.

மழை பெய்த அன்றைக்கே ராத்திரி ஏழு மணிக்கு மேல் கொல்லையில் ஒரு பல்பு கட்டி, கீழே சோப்புத் தண்ணீர் பாத்திரம் வைத்தால் அந்து விழும். ஒரு வீட்டார் மட்டும் வைத்தால் ஊர் அந்தெல்லாம் அவர்கள் கொல்லைக்கு வரும். அதனால்தான் இது குழு வேலை என்கிறோம். இந்த வருசம் அந்தச் சமயம் தாண்டிவிட்டது. அடுத்த ஆனிக்குத் தீர்மானம் போட்டு வையுங்கள்.

அதற்கு முன்னாலேயே ஒரு வேலை உண்டு. கோடை மழை ஈரத்தில் உழுதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வரும். ஏருக்குப் பின்னாலும் டிராக்டருக்குப் பின்னாலும் உண்ணிக்கொக்கு, மைனா, காக்கா வரிசை கட்டுவது அதற்குத்தான். கூலி கேட்காத ஆட்கள்.

நம்ம கொல்லைக்கு வரும் ஆட்கள்

கரிச்சானைத் தெரியாதவர் இல்லை. இரட்டைவால் குருவி. மாட்டு முதுகிலும் கரண்ட் கம்பியிலும் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். உட்கார இடம் இருந்தால்தான் அது கொல்லைக்கு வரும். அதனால்தான் ஏக்கருக்கு சுமார் 20 இடத்தில் பறவைத் தாங்கி நடச் சொல்கிறார்கள். ஒரு குச்சி, குறுக்கே ஒரு குச்சி, பயிரை விட ஒரு முழம் உயரம், அவ்வளவுதான். செலவே இல்லை. மல்லாட்டையில் நட்டதை அப்படியே விடலாம். சோளம், கம்பு என்றால் பால் பிடிக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிக்கும் நாமே நாற்காலி போட்ட கதையாகிவிடும்.

தவிட்டுக்குருவி எப்போதும் ஏழெட்டாகத்தான் வரும். சாம்பல் நிறம், ஓயாத கீச்சு கீச்சு. கூட்டம் தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தேடும்போது ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் காக்கும். ஒரு கூட்டில் குஞ்சு பொரித்தால் கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை கொண்டுவந்து கொடுக்கும். நம்ம குழுக்கள் சிலவற்றில் கூட இந்த ஒற்றுமை இல்லை (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை!).

இந்தத் தவிட்டுக்குருவியை ஏமாற்றுகிற ஒரு ஆள் உண்டு. சுடலைக்குயில். மேலே கறுப்பு, கீழே வெள்ளை, தலையில் கொண்டை. மழை தொடங்கிய பிறகு வேலி ஓரத்தில் கத்திக்கொண்டு திரியும். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வட இந்தியாவில் மழையைக் கொண்டு வருகிறது என்று கொண்டாடும் சாதகப் பறவை இதுதான். எங்களுக்கு இதன் மேல் கோபம்தான் இருந்தது, இது என்ன தின்னுகிறது என்று தெரியும் வரை. முடி உள்ள கம்பளிப்புழுவைப் பெரும்பாலான குருவிகள் தொடாது. சுடலைக்குயில் விரும்பித் தின்னும்.

குருவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சீன நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. 1958-ல் அங்கே எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி நாலையும் ஒழிக்க அரசாங்கமே இயக்கம் நடத்தியது. தானியம் தின்னுகிறது என்பது குருவி மேல் குற்றச்சாட்டு. ஊரே கூடி தட்டைத் தட்டி, உட்கார விடாமல் விரட்டி, குருவி களைத்து விழுந்து சாகும்படி செய்தார்கள். குருவி போனது, வெட்டுக்கிளியும் பூச்சியும் பெருகின. 1960-ல் பட்டியலில் குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

எருக்கு, ஆவாரை, ஆடுதீண்டாப்பாளை

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போகும்போது இலையைத் திருப்பிப் பாருங்க. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு, உடம்பில் கறுப்பு முடி போல மூணு ஜோடி நீட்டிக்கொண்டு இருக்கும். அது வெந்தய வரியன். எருக்கம்பாலின் விஷம் அதன் உடம்பில் தங்கிவிடுவதால் ஒரு தடவை தின்று பார்த்த குருவி மறுபடி தொடாது. ஆவாரை, தகரை, கொன்றையில் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமான பூச்சிகள் முட்டை வைக்கும். ஆடு வாய் வைக்காத ஆடுதீண்டாப்பாளையில், சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாக ஒரு அழகி பிறக்கிறாள். வரப்பில் இருக்கும் இதெல்லாம் நமக்குக் களை, அதுகளுக்கு வீடு. பயிருக்குள் களை எடுங்கள். வரப்புக்கும் வேலிக்கும் களைக்கொல்லி அடிக்காதீர்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் கிலுகிலுப்பைச் செடியில் நீல வரிப் பூச்சிகள் கொத்துக் கொத்தாக மொய்த்தால் பயப்பட வேண்டாம். அதைத் தின்று அழிக்க வரவில்லை. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வரை கூட்டமாகப் போகும் பூச்சிகள் உண்டு, அந்த இனம் இது. 2019-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனை மட்டும் நம்ம கொல்லையில் தேட வேண்டாம். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரி.

பட்டாம்பூச்சியால் நமக்கு என்ன லாபம் என்று கேட்டால், மல்லாட்டைக்குப் பெரிசாக ஒன்றுமில்லை. மல்லாட்டைப் பூ தன்னிலேயே காய் பிடிக்கும். ஆனால் பரங்கி, பாகல், சுரைக்கு ஆண் பூ வேற, பெண் பூ வேற. பூச்சி வந்து தொடாவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். அதிலும் சுரைப்பூ சாயங்காலம் விரிவது, அதற்கு ராத்திரிப் பூச்சி வேணும். பட்டாம்பூச்சி சாகிற மருந்தில்தான் தேனீயும் சாகிறது.

பனையும் மயிலும்

ஏரிக்கரைப் பனையில், கிணற்று மேல் சாய்ந்த மரத்தில் தூக்கணாங்குருவி கூடு தொங்கும் காலம் இது. ஆண் குருவிதான் பின்னும். பாதிக் கூடு முடிந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. பெரியது தானியம் தின்றாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் புழுவும்தான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. செங்கல் சூளைக்கு விலை பேச ஆள் வந்தால் நினைவில் வையுங்கள்.

மயிலைப் பற்றிப் புகார் வராத கூட்டமே இல்லை. மல்லாட்டையைக் கிளறித் தின்கிறது, தக்காளியைக் கொத்துகிறது, எல்லாம் நிசம். பழைய புடவை கட்டுவது, பளபளக்கும் ரிப்பன் கட்டுவது எல்லாம் நாலு நாளைக்குப் பலிக்கும், பிறகு அதற்குப் பழகிவிடும். விதைத்த பத்து நாளும் அறுவடைச் சமயமும் ஆள் காவல் போடுவதைத் தவிர நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. முறை வைத்து நாலு வீட்டுக் கொல்லையை ஒருவர் காக்கலாம். ஆனால் தானியத்தில் விஷம் கலந்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதைக் கோழியும் தின்னும், குழந்தையும் எடுக்கும். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 வருசம் சிறை. ஒரு கொல்லை மல்லாட்டைக்காக ஒரு குடும்பம் நிற்கதியாக நிற்கக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு

இந்த மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, ஐந்து பேர் சேர்ந்து ஒரு கொல்லை வரப்பில் கால் மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். என்ன பறந்தது, எதன் மேல் உட்கார்ந்தது, வாயில் என்ன இருந்தது என்பதைக் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு பத்துச் செடியின் இலையைத் திருப்பி, புழு எத்தனை, முடி உள்ளதா இல்லாததா என்று எண்ணுங்கள். மருந்து வாங்கணுமா என்பதை அந்தக் கணக்கை வைத்துக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். எழுதிப் பழகினால் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேரலாம். 2015 முதல் நடக்கிறது, அதிலும் கால் மணி நேரக் கணக்குதான்.

கரிச்சானுக்கும் தவிட்டுக்குருவிக்கும் ஊருக்கு ஊர் வேற பேர் உண்டு. உங்க ஊரில் என்ன சொல்வீர்கள் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதி, பிரதிநிதிகள் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.