ப்ளஸ் ஒன்னைத் தொட்டுவிட்டு ஓடாதீர்கள்

ஜூன் பிறந்தால் ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பேருந்து நிலையங்களில் பெட்டி, பாய், பிளாஸ்டிக் வாளி சகிதம் குடும்பங்கள் இறங்குவது இந்தப் பக்கத்தில் பழகிப்போன காட்சி. வெளிமாவட்டங்களிலிருந்து வந்து, பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன நாமக்கல், ப்ளஸ் டூவுக்கும் பேர் வாங்கியதற்குக் காரணம் உண்டு. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையிலிருந்து இல்லை என்றானது. அதன் பிறகு சுமார் பத்து ஆண்டுகள், மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடமோ பொறியியல் இடமோ, ப்ளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அந்தப் பத்து ஆண்டுகளில் பல பள்ளிகள் ஒரு குறுக்குவழியைப் பிடித்தன. ப்ளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, ப்ளஸ் டூ போர்ஷனையே இரண்டு வருடம் நடத்தினார்கள். ரிவிஷன் மேல் ரிவிஷன். புக் பேக் வினா ஒன்று விடாமல் மனப்பாடம். சென்டம் கொட்டியது. அப்படிச் சென்டம் வாங்கிய பிள்ளைகள் பொறியியல் முதல் செமஸ்டரில் நுண்கணிதத்தின் முன் திகைத்து நின்றதை, அவர்களுக்குப் பாடம் எடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2017-ல் நிலைமை மாறியது. மருத்துவத்துக்கு நீட் வந்தது. மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. 2017-18 கல்வியாண்டு முதல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்றார்கள். 1200 மதிப்பெண் 600 ஆனது. பள்ளிகள் வேறு வழியின்றி ப்ளஸ் ஒன் புத்தகத்தை முழுதாக நடத்த ஆரம்பித்தன. இப்போது 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு மறுபடியும் எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய குறுக்குவழிக்கும் கதவு திறந்திருக்கிறது. இந்த ஆண்டு ப்ளஸ் ஒன்னில் உட்காரும் மாணவரும் பெற்றோரும் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

பத்தாவதிலிருந்து ப்ளஸ் ஒன் ஏறுவது எவ்வளவு பெரிய படி என்பது முதல் மிட் டெர்மில் தெரிந்துவிடும். "பத்தாவதுல நானூத்தி எண்பது எடுத்த பையனுங்க சார், பிசிக்ஸ்ல நாப்பதைத் தாண்ட மாட்டேங்கிறான், என்னங்க இப்படி ஆயிப்போச்சு?" என்று கலங்கி நிற்கும் அப்பாக்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். பையனுக்கு எதுவும் ஆகவில்லை. பத்தாவதில் அறிவியல் என்று ஒரே புத்தகமாக இருந்தது, இங்கே இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று பிரிந்து நிற்கிறது. இயற்பியலும் வேதியியலும் தலா இரண்டு தொகுதி. படித்ததை அப்படியே எழுதினால் மதிப்பெண் என்ற கணக்கும் இங்கே செல்லாது.

இயற்பியல் குறிப்பாக ஏன் உதைக்கிறது என்பதற்கு ஒரு நுட்பமான காரணம் இருக்கிறது. அதைப் பலர் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ப்ளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வெக்டரும் வகையீடும் வந்துவிடுகின்றன. கணிதப் பாடத்திலோ அவை இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அதாவது ஜூன், ஜூலையில் இயற்பியல் கேட்பதைக் கணித ஆசிரியர் அரையாண்டை ஒட்டித்தான் கற்றுத்தருவார். தன் மண்டையில்தான் ஏறவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. விடுமுறையிலேயே கணித இரண்டாம் தொகுதியைக் கையில் எடுத்து, வெக்டர் கூட்டலையும் எளிய வகையீட்டு வாய்பாடுகளையும் ஒரு வாரம் பழகிக்கொண்டால் போதும், இயக்கவியல் வழிக்கு வந்துவிடும். நான் பார்த்த பிள்ளைகளில் இந்த ஒரு வேலையைச் செய்தவர்கள் காலாண்டுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள்.

தமிழ் வழியில் பத்தாவது முடித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறுகிறவர்களின் பாடு தனி. ஆத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சேலத்துப் பள்ளிக்கு வந்த மாணவி ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தாள். அவளுக்கு உயிரியல் தெரியும், சொல்லத் தெரியவில்லை. அவளைக் காப்பாற்றியது தமிழ் வழிப் புத்தகம். இரண்டு வழிப் புத்தகங்களையும் பாடநூல் கழகமே வெளியிடுகிறது. பாடமும் படமும் ஒன்றே. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரவில் தமிழில் ஒரு முறை படித்துப் புரிந்துகொண்டு, மறுநாள் ஆங்கிலப் புத்தகத்தில் அதே பத்தியைத் தேடி வாசிப்பாள். அரையாண்டு வந்தபோது அவளுக்குத் தமிழ்ப் புத்தகம் தேவைப்படவில்லை.

கணிதத்தில் எடுத்துக்காட்டுக் கணக்குகளைக் கண்ணால் படிப்பது பெரிய ஏமாற்று. விடையை மூடிவைத்துவிட்டுத் தானே போட்டுப் பார்த்தால்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். ப்ளஸ் டூ கணிதத்தில் வரும் வகை நுண்கணிதப் பயன்பாடு, தொகையீடு, வெக்டர் எல்லாம் ப்ளஸ் ஒன்னில் போட்ட அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய மாடிகள். பொறியியல் கட் ஆஃப் 200-ல் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்துத்தான் மீதி 100. நீட்டின் 180 வினாக்களும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகின்றன. ப்ளஸ் ஒன்னை விட்டவர் ஏறத்தாழ பாதியை விட்டவர்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு: விடியற்காலை ஸ்டடி, இரவு ஸ்டடி என்று அட்டவணை நெருக்கும். விளக்கணைத்த பிறகும் போர்வைக்குள் படிப்பது வீரம் போலப் பேசப்படுகிறது. தூக்கம் குறைந்த மூளையில் நேற்றுப் படித்தது தங்காது. ஆறேழு மணி நேரமாவது தூங்கியே ஆகவேண்டும் என்று பெற்றோர் வார்டனிடம் தைரியமாகக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் மார்க்கைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். சாப்பாடு எப்படி, கூட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டால் அடுத்த பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகளுக்கு நேரம்தான் பிரச்சினை. பயணத்தில் ஒன் வேர்ட் மட்டும் பார்க்கலாம். கணக்கையும் விரிவான விடைகளையும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேருவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்ப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம். 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு வருடத்துக்காகத் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை போய்விடும். நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அப்படியொரு இடத்தைக் குறிவைக்கக்கூடிய அரசுப் பள்ளி மாணவருக்கு, இருக்கும் பள்ளியிலேயே நீடிப்பது எத்தனையோ லட்சம் மிச்சம். டி.சி. வாங்கக் கிளம்பும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.