கஸ்டடி கேஸும் பிள்ளையின் மனசும்: அக்கா சொல்லும் 8 டிப்ஸ்

விவாகரத்து கேஸ் நடக்கிற நேரத்தில் பிள்ளை வந்து, "அம்மா, நான் பையன் இல்லை, பொண்ணு" என்று சொன்னால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும் தங்கச்சி. வேலை, வக்கீல், ஸ்கூல் என்று ஓடுகிறாய். இதை மட்டும் படித்துவிட்டு ஓடு.

1. முதலில் காது கொடு. "யார் சொல்லிக்கொடுத்தா?" என்று பாயாதே. இன்று அடி வாங்கின பிள்ளை இனி உன்னிடம் வாயே திறக்காது. எதையும் இன்றே முடிவு பண்ணத் தேவையில்லை.

2. "உங்க வளர்ப்புதான் காரணம்" என்று கணவரிடம் சண்டைக்குப் போகாதே. அது பிள்ளை காதில், 'நான் பிறந்ததே தப்பு' என்று விழும்.

3. கேஸுக்கு இதை ஆயுதமாக்காதே. 1890, 1956 காப்பாளர் சட்டங்கள் இரண்டுமே பிள்ளையின் நலனைத்தான் பார்க்கச் சொல்கின்றன. விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்துக் கூட்டிப்போகாதே.

4. "இப்படிப்பட்ட பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று சொந்தக்காரர்கள் மிரட்டினால் பயப்படாதே. 2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, திருநர் என்ற காரணத்துக்காகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பிள்ளையின் நலனுக்காகக் கோர்ட் உத்தரவிட்டால்தான் உண்டு.

5. 'மாற்றித் தருகிறேன்' என்று சொல்கிற டாக்டரிடமும் போகாதே, மந்திரிக்கிறவரிடமும் போகாதே. அப்படிச் செய்யும் 'சிகிச்சை'க்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை டாக்டர்களின் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதேபோல, டாக்டரைக் கேட்காமல் ஹார்மோன் மாத்திரை ஒன்றுகூடக் கூடாது.

6. ஒரு ஷார்ட்கட் சொல்கிறேன். கூப்பிடும் பெயர், முடி, உடை, ஸ்கூலில் யாரிடம் சொல்வது, இந்த நான்கையும் பிள்ளையைக் கேட்டு ஒரே தாளில் எழுதி, நீயும் கணவரும் ஒத்துக்கொள்ளுங்கள். நேரில் பேச முடியாவிட்டால் குடும்ப நீதிமன்றக் கவுன்சலர் மூலம் பேசு. அம்மா வீட்டில் ஒரு பெயர், அப்பா வீட்டில் ஒரு பெயர் என்றால் வாராவாரம் அல்லாடுவது பிள்ளைதான்.

7. பிள்ளை சம்மதிக்காமல் யாரிடமும் சொல்லாதே, குறிப்பாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். ஸ்கூலில் நம்பிக்கையான ஒரே ஒரு டீச்சர் போதும்.

8. இந்த நம்பர்களை இப்போதே போனில் போட்டுக்கொள்: குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, மனசு சரியில்லை என்றால் 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். கடன் வாங்கிக் கேஸ் நடத்தாதே.

கோர்ட் யாரிடம் பிள்ளையை ஒப்படைத்தாலும், தன்னை மதிக்கிற வீட்டைத்தான் அது தன் வீடாக நினைக்கும். இன்று ராத்திரி சாப்பிடக் கூப்பிடும்போது, அது கேட்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடு.