முதலில் தரையைப் படி: எக்கோ கருவி பழகும் தம்பிகளுக்குச் சில அறிவுரைகள்

மன்னார் வளைகுடாக் கரையில் ஃபைபர் படகுகளிலும் எக்கோ சவுண்டர் வந்துவிட்டது. பொருத்திய கையோடு இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல மீன் எங்க தெரியும், பெரியப்பா?" என்பதுதான். மீன் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் தரை தெரிய வேண்டும். விளமீனும் கலவாவும் வெறுங்கடலில் நிற்பதில்லை; பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, நம்பி நிற்கின்றன. பார் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று படிக்கத் தெரிந்தவனுக்குத் தூண்டில் போடும் இடம் பாதி தெரிந்துவிட்டது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

1. கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்.

கருவி எதையும் பார்ப்பதில்லை, கேட்கிறது. படகுக்கு அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஓர் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரக் காத்திருக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழமென்றால் போக 30, வர 30, ஆக 60 மீட்டர், அதற்கு 0.04 நொடி. அந்த நேரத்தைத்தான் கருவி ஆழமாக மாற்றிச் சொல்கிறது. 1925 முதல் 1927 வரை மீட்டியோர் என்ற ஜெர்மன் கப்பல் தென் அட்லாண்டிக் கடலின் தரையை இந்த முறையில்தான் அளந்தது. மீன் பார்க்கும் தொழிலுக்கென்று இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள், அது 1948-இல். ஆழம் பார்ப்பதுதான் இதன் பிறவித் தொழில். மீன் பிறகு வந்தது. நீயும் அதே வரிசையில் பழகு.

2. பொருத்தும்போது அவசரப்படாதே.

ஒலிக்குப் பெரிய எதிரி காற்றுக்குமிழி. அமரத்தில் புரொப்பெல்லர் நுரை தள்ளும் இடத்தில் டிரான்ஸ்டியூசரை வைத்தால், வேகம் எடுத்ததும் திரை கலங்கிப்போகும். நுரை படாத, எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் இடமாகப் பார்த்து வை. மரப்படகென்றால் பலகைக்கு உள்ளே ஒட்டி வைத்துப் பயனில்லை. ஒலி மரத்தைத் தாண்டாது. மணலில் ஏற்றி இறக்கும் படகுக்கு, கம்பில் மாட்டிப் பக்கவாட்டில் இறக்கி, கரை வருமுன் தூக்கிவிடுவது நல்லது. பாட்டரி வயரை எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டாதே. எஞ்சின் இரைச்சல் திரையில் புள்ளிமழையாக வரும். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் கொட்டலசு ஒட்டவிடாதே. ஒட்டினால் கத்தியால் சுரண்டாமல், ஊறவைத்து மெதுவாக எடு.

3. எண்ணைப் பார்க்குமுன் அளவைப் பார்.

திரையில் 10 என்று நிற்கிறது. 10 மீட்டரா, 10 அடியா, 10 பாகமா? 10 அடி என்பது 3 மீட்டர். 10 பாகம் என்பது 18 மீட்டர். பார் மேடேறும் இடத்தில் இந்தக் குழப்பம் வந்தால் படகின் அடி போகும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் கருவி எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: கருவி சொல்லும் ஆழம் டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து கணக்கு, நீர்மட்டத்திலிருந்து அல்ல. அது அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால் அந்த அரை மீட்டரைக் கூட்டிக்கொள். அதைக் கருவியிலேயே பதிந்துவைக்கவும் வழி உண்டு.

4. தெரிந்த இடத்தில், ஈயக்குண்டோடு பழகு.

முதல் நாட்களில் மீனுக்காகக் கருவியைத் திறக்காதே. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பாருக்குப் போ. மாதா கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் நேர்பார்த்துப் படகை நிறுத்து. திரையைப் பார். பிறகு கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கு. குண்டின் அடியில் சின்னக் குழி இருக்கட்டும். அதில் கிரீஸோ சோப்போ அப்பி இறக்கு. தரை தட்டியதும் கயிற்றைப் பாகம் பாகமாக அளந்து எடு. கிரீஸில் மணல் ஒட்டியிருக்கிறதா, கரும்சேறா, உடைந்த சிப்பியா, அல்லது ஒன்றும் ஒட்டாமல் கல்லில் இடித்த தடம் மட்டுமா என்று விரலால் தொட்டுப் பார். தொட்டுவிட்டு அதே நொடியில் திரை எந்த நிறத்தில், எந்தத் தடிமனில் கோடு போட்டிருக்கிறது என்று பார்த்து மனத்தில் நிறுத்து. சேற்றில் ஒருமுறை, மணலில் ஒருமுறை, பாரின் ஓரத்தில் ஒருமுறை, பாரின் முதுகில் ஒருமுறை செய். கையும் கண்ணும் ஒன்றையே சொல்லும்வரை விடாதே. இந்தப் பாடத்தைக் கையேடு எதுவும் கற்றுத்தராது.

5. வலது ஓரம்தான் இந்த நேரம்.

புதியவர்கள் பலர் திரை முழுவதையும் கடலுக்கடியின் படமாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. வலது ஓரத்தில் வரும் ஒற்றைக் கோடுதான் இப்போது படகுக்கு அடியில் இருப்பது. இடப்பக்கம் நகர்ந்துபோனதெல்லாம் பழைய செய்தி. படகு நங்கூரத்தில் நின்றாலும் திரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது வரும் நீண்ட சமதரை உண்மையில் ஒரே இடத்தின் ஆழம்தான். திரையின் நடுவில் மீன் தெரிகிறது என்று தூண்டிலை இறக்கினால், அந்த இடத்தைப் படகு எப்போதோ கடந்திருக்கும்.

6. கெட்டித்தரையும் சேற்றுத்தரையும்.

கல் ஒலியைப் பலமாகத் திருப்பி அடிக்கும். திரையில் தரைக்கோடு தடித்து, பெரும்பாலான கருவிகளில் சிவந்து நிற்கும். சேறு ஒலியை விழுங்கும். கோடு மெலிந்து, நிறம் மங்கும். சந்தேகம் வந்தால் ஆழத்தின் இரண்டு மடங்கு தெரியும்படி ரேஞ்சை மாற்று. 20 மீட்டரில் ஒரு தரையும் 40 மீட்டரில் இன்னொரு தரையும் தெரிந்தால், அடியில் இருப்பது கெட்டித்தரை. தரையில் பட்ட ஒலி மேலே வந்து, நீர்ப்பரப்பில் மோதித் திரும்பவும் கீழே போய் வந்ததால் தோன்றும் இரண்டாம் எதிரொலி அது. சேற்றில் அது மங்கும், அல்லது வரவே வராது. வலைக்காரனுக்கும் இது வலை கிழியாமல் காக்கும் அறிவு.

7. கெய்னை உன் கையில் வைத்துக்கொள்.

தொடக்கத்தில் தானியங்கி அமைப்பிலேயே விடு. தரை பழகியபின், எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவான கெய்னை நீயே திருப்பு. திரை முழுக்க மெல்லிய புள்ளிகள் விழும்வரை கூட்டி, பிறகு அவை மறையும் அளவுக்குக் கொஞ்சம் குறை. அதிகம் வைத்தால் தூசும் மீனாகத் தெரியும். குறைத்து வைத்தால் மீனும் தெரியாது. ஆழம் மாறினால் மறுபடி பார்த்துக்கொள். பக்கத்துப் படகின் கருவியும் அதே அலைவரிசையில் ஓடினால் சாய்ந்த கோடுகள் வரும். கருவி கெட்டுவிட்டது என்று கழற்றாதே, கொஞ்சம் விலகிப் பார்.

8. ஒலியின் அகலத்தை மறக்காதே.

டார்ச் வெளிச்சம்போல ஒலியும் கீழே போகப்போக விரியும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒடுங்கியது, விவரம் தெளிவாகத் தரும். 50 கிலோஹெர்ட்ஸ் அகலமானது, ஆழக்கடலுக்கு ஏற்றது. 12 டிகிரி விரியும் ஒலி 30 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 6 மீட்டர் அகலத்தைத் தொடும். 45 டிகிரி விரிவது 25 மீட்டர் அகலத்தைத் தொடும். அந்த அகலத்துக்குள் எந்தப் பக்கத்தில் மீன் நின்றாலும் திரையில் ஒரே கோட்டில்தான் விழும். இடமா வலமா என்று சாதாரணக் கருவி சொல்லாது. நம் கரையோரப் பார்களுக்கு 200-இல் பழகு. ஆழம் கூடும்போது 50-க்குப் போ.

9. இப்போது மீனுக்கு வா.

படகு நகரும்போது மீன் ஒலியின் ஓரத்தில் நுழைகிறது. அப்போது தூரம் அதிகம். நேர்கீழே வரும்போது தூரம் குறைகிறது. விலகும்போது மறுபடி கூடுகிறது. அதனால்தான் திரையில் வில்போல வளைவு விழுகிறது. படகும் மீனும் நின்றால் வளைவு வராது, நீண்ட கோடு வரும். பாதி வளைவென்றால் மீன் ஓரமாகத் தொட்டுப் போயிருக்கிறது. நீளமான வளைவைப் பார்த்துப் பெரிய மீன் என்று குதிக்காதே; மெதுவாகப் போனாலும் வளைவு நீளும். கோட்டின் தடிமனையும் நிறத்தையும் பார்.

மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பைதான் ஒலியை அதிகம் திருப்புகிறது. சூரையில் சில வகைகளுக்கும் சுறாவுக்கும் திருக்கைக்கும் அது கிடையாது. ஆகவே அவை உருவத்துக்குத் தகுந்தபடி தெரியாது. சாளை நெருக்கமான மேகமாக நடுநீரில் தெரியும். அந்த மேகம் திடீரெனக் கலைந்தாலோ அடியில் தனித்த தடித்த கோடுகள் வந்தாலோ, பின்னால் பெரிய மீன் இருக்கலாம். குட்டி மீன் படம் போடும் வசதியை அணைத்துவிடு. பாசியும் குமிழியும் மிதக்கும் பிளாஸ்டிக்கும் அதற்கு மீன்தான்.

10. தரையை ஒட்டிய மீனுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

கலவா கல்லோடு கல்லாகக் கிடக்கும். சரிவான பாரில் மேட்டின் எதிரொலி முதலில் வந்துவிடும். பள்ளத்தில் நிற்கும் மீன் அதற்குள் மறைந்துவிடும். தரை ஜூம் போட்டு அடியில் உள்ள சில மீட்டரை மட்டும் பெரிதாக்கிப் பார். ஒரே பாரைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மெதுவாகக் கட. ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதே. நல்ல பார் என்றால் ஒருமுறை தூண்டில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

11. காற்றையும் நீவாட்டையும் (நீரோட்டத்தையும்) கருவி சொல்லாது.

குறி தெரிந்ததும் ஜிபிஎஸ்ஸில் பதி. ஆனால் நங்கூரத்தை அந்தக் குறியின் மேல் போடாதே. எஞ்சினை நிறுத்தி, படகு எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் இழுபடுகிறது என்று முதலில் பார். நீவாடு வரும் திசையில் மேலே ஏறி, கயிறு விட்டதும் படகு பாரின் மேல் வந்து நிற்கும்படி மணலில் நங்கூரமிடு. இரை கீழே போய்ச்சேரும்போது எவ்வளவு ஒதுங்கும் என்பதையும் கணக்கில் சேர். இந்தக் கணக்கு பெரியவர்களிடம் இருக்கிறது. கேட்டு வாங்கு, சொல்லித்தர அவர்களுக்கு ஆசைதான்.

12. கண்ட பாரைக் காப்பாற்று.

கருவி வந்தபின் எந்தப் பாரும் ஒளிந்திருக்க முடியாது. அதனால் நம் பொறுப்பு கூடியிருக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்; அந்த எல்லைக்குள் கருவியை வைத்துக்கொண்டு நுழையாதே. வெளியிலும் பவளத்தின் மேல் நங்கூரம் போடாதே. உடைந்த பவளம் தேற ஆண்டுகள் ஆகும். தூத்துக்குடிப் பார்களில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார் தந்துகொண்டே இருக்கும் என்று யாரும் எழுதித்தரவில்லை. முட்டையிடக் கூடிய மீன்கூட்டம் ஒரே பாரில் திரண்டு நிற்பதைத் திரையில் கண்டால், வேண்டிய அளவு பிடித்துவிட்டு நகர்ந்துவிடு.

13. ஒரு நோட்டு வைத்துக்கொள்.

இடம், ஆழம், தரை, நீவாடு, மாதம், நிலவின் நாள், கிடைத்த மீன்: இவ்வளவும் ஒரு வரியில் எழுது. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுது. ஜிபிஎஸ் நினைவகம் ஒரு பாட்டரிக் கோளாறில் அழியலாம். கருவியே உப்பில் போகலாம். நோட்டில் உள்ளதும் ஈயக்குண்டில் கை பழகியதும் போகாது. ஆண்டுக்கணக்கில் எழுதினால், எந்தப் பாருக்கு எந்த மாதம் எந்த நீவாட்டில் போகவேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். அந்த நாளில் உன் படகில் ஏறும் சிறுவனும் "மீன் எங்க தெரியும்?" என்றுதான் கேட்பான். அவன் கையில் முதலில் ஈயக்குண்டைக் கொடு.