தீனிக்குழலில் அழையா விருந்தாளிகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில், ஒரு மரக்கிளையிலோ நட்டுவைத்த கம்பத்திலோ, நீண்ட குழல் ஒன்று தொங்குவதைக் காணலாம். அது பறவைகளுக்கு இரை வைப்பதற்கென்றே செய்யப்பட்ட தீனிக்குழல். அதன் பக்கவாட்டில் சிறு துளைகளும், பறவைகள் அமர்வதற்குச் சிறு குச்சிகளும் இருக்கும். உள்ளே சூரியகாந்தி விதையையோ, எள்ளைப் போல் மெலிந்த கறுப்பு நிற நைஜர் விதையையோ நிரப்புவார்கள். இந்த நைஜர் விதையின் பயணம் சுவையானது. அது பெரும்பாலும் இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைந்து, மண்ணில் விழுந்தாலும் முளைக்காதபடி சூடேற்றப்பட்டு, கப்பலேறி அந்தக் கொல்லைப்புறங்களைச் சென்றடைகிறது.

குளிர்காலத்தில் அக்குழலை நாடி வழக்கமாக வருபவை சில உள்ளூர்ப் பறவைகள்தாம். வீட்டுக்காரர்கள் அவற்றை ஏறக்குறைய அடையாளம் கண்டு வைத்திருப்பார்கள். ஆனால், 2020ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அந்த வழக்கம் குலைந்தது. கிழக்கு அமெரிக்காவின் கொல்லைப்புறங்களில், பழுப்புக் கோடுகளும் இறக்கையில் மஞ்சள் கீற்றும் கொண்ட சின்னஞ்சிறு பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. பையின் ஜிப்பை விரைவாக மேலே இழுத்தாற்போன்ற ஒலி எங்கும் கேட்டது. குழலில் ஒவ்வொரு குச்சிக்கும் போட்டி. இடம் கிடைக்காதவை தலையைத் தாழ்த்தி, இறக்கையை விரித்து, பக்கத்தில் இருந்ததை மிரட்டின. காலையில் நிரப்பிய குழல் மாலைக்குள் காலியானது. நெடுநாள் வாடிக்கையாளர்களான உள்ளூர்ப் பறவைகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன.

வந்தவற்றின் பெயர் பைன் சிஸ்கின். ஃபிஞ்ச் என்னும் விதையுண்ணும் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றின் எடை 12 முதல் 18 கிராம்வரைதான் இருக்கும். அந்த ஆண்டு அவை ஃபுளோரிடாவரை சென்றன. சில, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பெர்முடா தீவையும் அடைந்தன. அத்தீவு அமெரிக்கக் கரையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட சிஸ்கின் வருகைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. கொவிட்-19 காரணமாக வீட்டிலேயே அடைந்து கிடந்த மக்களுக்கு இந்த விருந்தாளிகள் பெரும் மகிழ்ச்சியைத் தந்தன.

அவை எங்கிருந்து வந்தன? ஏன் வந்தன? குளிர் தாங்காமல் தெற்கே வந்திருக்கும் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் விடை. அது சரியன்று. சிஸ்கின் குளிருக்கு அஞ்சும் பறவை அல்ல. அதே அளவுள்ள பிற பாடும் பறவைகளோடு ஒப்பிட்டால், அதன் உடல் ஏறத்தாழ 40 விழுக்காடு விரைவாக உணவை எரித்து வெப்பமாக்குகிறது. இரவு நெடுநேரம் பட்டினி கிடக்க வேண்டியிருப்பதால், மாலையிலேயே தொண்டைப் பகுதியிலுள்ள இரைப்பையில் விதைகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தன் எடையில் பத்தில் ஒரு பங்குவரை அவ்வாறு சேர்க்க அதனால் இயலும். வயிறு நிறைய விதை கிடைத்தால் பனி மூடிய காட்டிலேயே அது குளிர்காலத்தைக் கழித்துவிடும். விதை கிடைக்காததுதான் சிக்கல்.

கனடாவின் வடபகுதியை ஊசியிலைக் காடுகள் ஒரு பச்சைப் பட்டையைப் போலச் சுற்றியிருக்கின்றன. அங்குள்ள ஸ்புரூஸ் போன்ற மரங்கள் தம் விதைகளைக் கூம்பு வடிவக் காய்களில் ஒளித்து வைத்திருக்கும். இம்மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஓராண்டில் கிளை வளையும் அளவுக்குக் காய்த்துவிட்டு, அடுத்த ஆண்டு ஏறக்குறைய வெறுமையாக நிற்கும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்த்தால் அதை நம்பி அணில்களும் பறவைகளும் பெருகி, எல்லா விதைகளையும் தின்று தீர்த்துவிடும். நீண்ட தொலைவுக்கு எல்லா மரங்களும் ஒரே ஆண்டில் சேர்ந்து காய்த்தாலோ, தின்பவை தின்றது போக மிச்சம் இருக்கும். அந்த மிச்சந்தான் முளைக்கும். மலேசியக் காடுகளில் மெராந்தி வகை மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூத்துக் காய்ப்பதும் இதே போன்ற ஏற்பாடுதான். எல்லா மரங்களுக்கும் ஒரே வேளையில் ‘செய்தி’ சொல்வது பருவநிலை. வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஒரு கோடை, அடுத்த ஆண்டில் ஸ்புரூஸ் மரங்களைக் காய்க்கத் தூண்டுகிறது.

நன்கு காய்த்த ஆண்டில் பறவைகளின் குஞ்சுகளும் பெருகும். மறு ஆண்டு உண்ண வரும் வாய்கள் கூடியிருக்க, மரங்களோ கைவிரித்துவிடும். அப்போதுதான் பெருங்கூட்டம் காட்டைவிட்டுக் கிளம்புகிறது. இதனைத் திடீர்ப் பெருவரவு எனலாம். வலசை செல்லும் பறவைகளுக்கு ஒரு நாட்காட்டியும் ஒரு வழித்தடமும் உண்டு. பெருவரவுப் பறவைகளுக்கு அவ்விரண்டும் இல்லை. பறவைகளின் காலில் மாட்டப்பட்ட வளையங்களைக்கொண்டு பார்த்தால், ஓராண்டில் கிழக்கே இருந்த சிஸ்கின் மற்றோர் ஆண்டில் மேற்கே பிடிபட்டிருக்கிறது. விதை இருக்கும் இடமே அதற்கு ஊர்.

காரணம் தெரிந்தால் வருகையை முன்கூட்டியே சொல்ல முடியுமல்லவா? கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த ரான் பிட்டவே என்பவர் 1999ஆம் ஆண்டிலிருந்து அதைச் செய்து வந்தார். கோடை இறுதியில், பல இடங்களிலிருந்து எந்த மரம் எவ்வளவு காய்த்திருக்கிறது என்னும் தகவலைத் திரட்டி, குளிர்காலத்தில் எந்த ஃபிஞ்ச் எந்தப் பக்கம் வரும் என்று அறிவிப்பார். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல, பறவை வருமா என்று மரத்தைப் பார்த்தார். 2020இல் அப்பணியை டைலர் ஹோர் ஏற்றுக்கொண்டார்.

வந்த பறவைகளைக் கணக்கெடுப்பது கொல்லைப்புறத்துக்காரர்களின் வேலை. 1976இல் ஒன்டாரியோவில் தொடங்கிய தீனிக்குழல் கணக்கெடுப்பு 1987இல் வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது. அதில் ஒரு விதி உண்டு. நாள் முழுவதும் வந்த பறவைகளைக் கூட்டக்கூடாது. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட மிகப் பெரிய எண்ணிக்கையை மட்டுமே எழுத வேண்டும். இல்லையென்றால் ஒரே பறவை பத்துமுறை வந்து பத்துப் பறவைகளாகிவிடும். முதியவர்களும் மாணவர்களும் சன்னலோரம் அமர்ந்து எழுதிய இப்பதிவுகளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்துதான், பருவநிலைக்கும் சிஸ்கின்களின் இடப்பெயர்வுக்கும் உள்ள தொடர்பை அறிவியலாளர்கள் 2015இல் விளக்கினார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். 2020 டிசம்பர் வாக்கில், கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் வேறு பல இடங்களிலும் தீனிக்குழல்களின் அடியில் சிஸ்கின்கள் இறந்து கிடந்தன. சில பறவைகள் உயிரோடிருந்தும் பறக்கவில்லை. இறகுகளை உப்பவைத்துக்கொண்டு, கண்ணை மூடியும் மூடாமலும் அமர்ந்திருந்தன. ஆள் அருகில் சென்றாலும் விலகவில்லை. தம்மிடம் பழகிவிட்டது என்றே சிலர் எண்ணியிருக்கக்கூடும். காட்டுப் பறவை மனிதனைக் கண்டு விலகாவிட்டால், பெரும்பாலும் அதனால் விலக முடியவில்லை என்றே பொருள்.

நோய்க்குக் காரணம் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா. அது பறவையின் எச்சத்தில் இருக்கும். காட்டில் கூட்டம் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டே இருக்கும். எச்சமும் பரந்த இடத்தில் சிதறி விழும். கொல்லைப்புறத்திலோ நூறு பறவைகள் ஒரே குழலில், ஒரே தட்டில், நாள்தோறும் உண்கின்றன. எச்சம் விதையில் விழுகிறது. அந்த விதையை மற்றொரு பறவை உண்கிறது. அன்போடு வைத்த உணவே நோய் பரவும் இடமாகிவிட்டது.

நோய் பறவைகளோடு நிற்கவில்லை. நோயுற்ற பறவையைத் தொட்டவர்களுக்கும், கையுறையின்றித் தீனிக்குழலைக் கையாண்டவர்களுக்கும், பறவையைக் கவ்விய பூனைகளுக்கும் அது தொற்றக்கூடியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 12 மாநிலங்களில் 29 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 14 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

2021இன் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநில வனவிலங்குத் துறை, தீனிக்குழல்களைக் கழற்றிவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் அந்தக் காலக்கெடுவை நீட்டித்தது. கழற்ற மனமில்லாதவர்கள் அன்றாடம் கழுவ வேண்டும். முதலில் சோப்பு நீர். பிறகு ஒன்பது பங்கு நீரில் ஒரு பங்கு பிளீச் கலந்த கரைசல். அதன்பின் நன்றாக உலர்த்துதல். கீழே சிந்திய விதையையும் கூட்டி அள்ள வேண்டும்.

இதைச் செய்வது எளிதன்று. பறவைகள் பசியோடு இருக்கின்றன என்று அறிந்தே, பனிக்காலத்தின் நடுவில், உணவை எடுத்துவிட வேண்டும். சன்னலுக்கு வெளியே அவை வெற்றுக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறப்பதையும் பார்க்க வேண்டும். ‘இவை பட்டினியால் சாகாவா?’ என்னும் கேள்வி எழுவது இயல்பே. ஆனால், தீனிக்குழலை மட்டுமே நம்பி வாழும் பறவைகள் அல்ல இவை. பிர்ச், ஆல்டர் மரங்களின் விதைகளும் களைச்செடிகளின் விதைகளும் வெளியே உள்ளன. குழல் இல்லையென்றால் கூட்டம் கலைந்து, சிறு சிறு குழுக்களாக அவற்றைத் தேடிச் செல்லும். கூட்டம் கலைந்தால் தொற்றும் குறையும். பசியைவிட அப்போது கொடியதாக இருந்தது நெருக்கந்தான்.

வசந்தம் வந்ததும் பெரும்பாலான சிஸ்கின்கள் வடக்கே திரும்பின. பெருவரவு ஆண்டுகளில் சில சோடிகள் திரும்பாமல், வழக்கத்துக்கு மாறாகத் தெற்கிலேயே கூடு கட்டுவதும் உண்டு. வீட்டுக்காரர்கள் கழுவி உலர்த்திய குழல்களை மீண்டும் தொங்கவிட்டார்கள். முதல் நாள் எதுவும் வரவில்லை. சில நாள் கழித்து, அதுவரை ஒதுங்கியிருந்த உள்ளூர்ப் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து, தங்கள் பழைய குச்சிகளில் அமர்ந்தன.