தோற்பாவையும் ஜப்பானிய ஓவியப் படமும்

முன்னுரை

கலைகள் பலவற்றுள்ளும் ஓவியமும் ஒளிப்படமும் கூடிப் பிறந்த இளைய கலை ஓவியத் திரைப்படம். நாம் அதனைக் ‘கார்ட்டூன் படம்’ என்று சொல்லி, சிறுவர்க்கு உரியதென ஒதுக்கிவிடுகிறோம். ஜப்பானியர் அவ்வாறு ஒதுக்கவில்லை. போரின் துயரையும் பழங்கதைகளையும் அவர்கள் ஓவியப் படமாக்கினர். அவ்வரிசையில் நம் இராமாயணமும் ஒன்று. அந்தப் படத்தையும், அது தோல் தொழில் நடக்கும் நம் வட்டாரத்தாருக்கு உணர்த்தும் ஒரு செய்தியையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

ஜப்பானிய மரபு

ஜப்பானின் முதல் முழுநீள வண்ண ஓவியப் படம் ‘ஹகுஜாதென்’. 1958-இல் தோயெய் நிறுவனம் வெளியிட்ட அப்படம் வெண்ணாகத்தைப் பற்றிய சீனப் பழங்கதை. அதே நிறுவனம் 1960-இல் ‘சாயூகி’ என்னும் படத்தைத் தந்தது. புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வரும் துறவிக்குத் துணையாகும் குரங்கு வீரனின் கதை அது. அத்துறவிக்கு மூலமானவர் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் அவர் வந்து சென்ற ஊர்களுள் நமக்கு அருகிலுள்ள காஞ்சிபுரமும் ஒன்று.

1985-இல் தொடங்கிய ஜிப்லி நிறுவனத்தார் இக்கலையை மேலும் உயர்த்தினர். இசாவோ தகஹாதா 1988-இல் எடுத்த ‘மின்மினிகளின் கல்லறை’, போரில் பெற்றோரை இழந்த அண்ணன் தங்கையின் பசியைக் காட்டுவது. அதனைப் பார்த்தவர் ஓவியப் படம் விளையாட்டு என்று சொல்லத் துணியார்.

இராமாயணப் படம் பிறந்த வரலாறு

யூகோ சாகோ என்னும் ஜப்பானியர், தொல்லியலறிஞர் பி. பி. லாலின் அகழாய்வைப் பற்றிய செய்திப்படம் எடுக்க 1983-இல் இந்தியா வந்தார். அப்போது இராமாயணத்தை அறிந்து, ஜப்பானிய மொழியில் கிடைத்த பல பதிப்புகளைத் தேடிப் படித்தார். அதனை ஓவியப் படமாக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு அவ்வாறு பிறந்தது.

தடைகளும் எழுந்தன. அந்நியர் ஒருவர் நம் பெருங்காப்பியத்தைத் தம் விருப்பப்படி படமாக்கலாகாது என விசுவ ஹிந்து பரிஷத் ஜப்பானியத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதியது. சாகோ நேரில் விளக்கியபின் அந்த ஐயம் தீர்ந்தது. மனித நடிகர் எவரும் இராமனின் தெய்வத்தன்மையை முழுதும் காட்ட இயலாது, ஓவியத்துக்கே அது இயலும் என்பது அவர் வாதம். ஆயினும் இராமாயணத்தைக் கார்ட்டூனாக்குவது தகாது எனக் கருதி இந்திய அரசு கூட்டுத் தயாரிப்புக்கு இசையவில்லை. எனவே படத்தின் பெரும்பணி ஜப்பானிலேயே நடந்தது.

சாகோவுடன் கொய்ச்சி சசாகியும் நம் நாட்டு ராம் மோகனும் இயக்குநர்களாக இருந்தனர். 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்த ராம் மோகன், டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவரிடம் பயின்றவர். வேட்டி கட்டும் முறை, பெரியோரிடம் பிள்ளைகள் ஆசி பெறும் முறை ஆகியவற்றை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானியர்க்குக் கற்றுத் தந்தனர். வனராஜ் பாட்டியா இசையமைத்தார். 1992-இல் படம் நிறைவுற்றது. மறுபதிப்பான பின், 2025 ஜனவரி 24 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதைக் காண சாகோ இல்லை. அவர் 2012-இல் காலமானார். ராம் மோகனும் 2019-இல் மறைந்தார்.

செல்லும் தோலும்

இப்படம் ஏறத்தாழ 135 நிமிடம் ஓடுவது. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடும். அக்கணக்கில் மொத்தம் 1,94,400 பிரேம்கள் ஆகின்றன. இரண்டு பிரேமுக்கு ஓர் ஓவியம் என்று வைத்தாலும் 97,200 ஓவியங்கள் வேண்டும். இப்படத்துக்குச் சுமார் ஒரு லட்சம் ஓவியங்கள் கையால் வரையப்பட்டன என்பர்.

தாளில் வரைந்த கோட்டோவியத்தை ‘செல்’ எனப்படும் ஒளி ஊடுருவும் தகட்டில் படியெடுப்பர். கோடு முன்பக்கம் இருக்கும். வண்ணத்தைப் பின்பக்கம் பூசுவர். பின்னர் அதனைப் பின்னணி ஓவியத்தின் மீது வைத்து, மேலிருந்து ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடிப்பர்.

இம்முறையைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நம் தோற்பாவைக் கூத்து. ஆட்டுத்தோலை மயிரும் சதையும் போகச் சுரண்டி, உலர்த்தி, உருவம் வெட்டி, துளையிட்டுச் சாயம் தீட்டுவர். வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கை வைத்துப் பாவையை ஆட்டினால் வண்ணங்கள் திரையில் ஒளிரும். தோல் எப்படி ஒளியை விடுகிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஆவாரம்பட்டையிலோ குரோமிலோ பதனிட்டால் தோல் ஒளியை மறைக்கும். பாவைத்தோல் பதனிடாத பச்சைத்தோல் ஆதலின் கண்ணாடித்தாள் போல ஒளியைக் கடத்தும். தமிழகத்தில் அக்கூத்தின் முதன்மையான கதை இராமாயணமே. ஆகவே ஒளி ஊடுருவும் ஒரு பரப்பில் வண்ணம் தீட்டி இராமனை நடமாடவிடுவது நமக்குப் புதிதன்று.

கதை யாருக்கு உரியது?

ஓர் அந்நியருக்கு இராமாயணத்தை வரைய உரிமை உண்டா என்ற வினாவுக்கும் தோலே விடை தருகிறது. ஜாவாவில் ‘வயாங் கூலிட்’ என்னும் நிழற்கூத்து உண்டு. கூலிட் என்றால் தோல். எருமைத்தோலில் செய்த பாவைகளைக் கொண்டு, இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டார் இராமாயணத்தைப் பல நூற்றாண்டுகளாக ஆடிவருகின்றனர். தாய்லாந்தில் ‘நாங் யாய்’ கூத்திலும் தோலில்தான் இராமன் வருகிறான். ஜப்பானிலும் 12-ஆம் நூற்றாண்டுக் கதைத் தொகுப்பான ‘ஹோபுட்சுஷு’வில் இராமாயணக் கதை உள்ளது. வடமொழிக் கதையைக் கம்பன் தமிழில் பாடியதால் அது நமக்கு உரியதாயிற்று. அன்புடன் கற்று உழைப்பவருக்கு ஒரு கதை உரியதாகிறது என்பதே என் துணிபு.

கைகளின் பெயர்

இப்படத்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் உழைத்தனர். ஓவியப் படம் முடிந்தபின் திரையில் பெயர்கள் ஓடும்போது, வண்ணம் பூசியவர் பெயர்கூட அங்கே வருவது வழக்கம். நாம் அதற்குள் எழுந்து வெளியே போய்விடுகிறோம்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தோல் வேலை. என் பாட்டனார் ராணிப்பேட்டையில் டேனரியில் சுண்ணாம்புக் குழியருகே நின்றவர். என் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்ற கணக்கு அவர் கைக்கே தெரியும். அவர் தைத்த ஷூ கடல் கடந்து செல்கிறது. கம்பெனியின் பெயர் அதில் உண்டு; தைத்தவர் பெயர் இல்லை. ஒரு விநாடிக் காட்சிக்குப் பன்னிரண்டு படம் வரையும் கையும், ஒரு ஜோடி ஷூவுக்கு நூற்றுக்கணக்கில் தையல் போடும் கையும் பொறுமையில் வேறுபட்டவை அல்ல. முன்னதைக் கலை என்கிறோம். பின்னதைக் கூலி வேலை என்கிறோம். இப்பாகுபாடு சரியா என எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

இராமாயணத்தை வரையும் கையும் திறனும் நம்மிடமும் இருந்தன. துணிவும் ஆதரவும் ஜப்பானில் கிடைத்தன. நம் கல்லூரியில் நன்றாக வரையும் மாணவர் பலர் உள்ளனர். அவர்கள் இக்கலையைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்காமல் முறையாகப் பயில வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இத்தகைய படங்களை ஆண்டுக்கு ஒன்றேனும் கல்லூரி அரங்கில் திரையிட்டு விவாதிக்க வகை செய்ய வேண்டும். அவ்வாறு திரையிடும் நாளில், கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை நாம் அனைவரும் இருக்கையிலேயே அமர்ந்திருப்போமாக.