புதிர்ப் போர்வை

முழுப் படத்தையும் பார்க்காமல் ஒரு பொருளைச் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்கிறார்கள், புதிர்ப் போர்வை தைப்பவர்கள்.

மிஞ்சிய துணிகளையும் பழைய சட்டைகளையும் சிறு சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துத் தைப்பதே ஒட்டுத்துணிப் போர்வை. இணைத்த துணி மேலே இருக்கும். நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பும் அடியில் மற்றொரு துணியும் இருக்கும். இந்த மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைப்பார்கள். அமெரிக்காவில் இக்கலை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அங்கு வெளிவந்த ‘கன்சாஸ் சிட்டி ஸ்டார்’ என்னும் நாளிதழ், 1928 முதல் 1961 வரை இத்தகைய போர்வைகளுக்கான வடிவங்களை அச்சிட்டு வந்தது.

புதிர்ப் போர்வையும் ஒட்டுத்துணிப் போர்வைதான். ஆனால், வடிவமைப்பாளர் முழுப் போர்வையின் படத்தை முதலில் காட்டமாட்டார். தேவைப்படும் துணிகளின் நிறத்தையும் அளவையும் மட்டும் சொல்வார். பின்னர், செய்ய வேண்டிய பகுதிகளை ஒவ்வொரு குறிப்பாக வெளியிடுவார். போனி ஹன்டர் என்னும் அமெரிக்கத் தையற்கலைஞர் பல ஆண்டுகளாக இப்படிப் புதிர் போட்டு வருகிறார். அமெரிக்கர்கள் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையை நன்றி கூறும் நாளாகக் கொண்டாடுவார்கள். அதற்கு மறுநாள் அவருடைய முதல் குறிப்பு வரும். அதன்பின் வாரத்திற்கு ஒன்றாகக் குறிப்புகள் வரும். புத்தாண்டையொட்டியே முழு வடிவமும் தெரியவரும்.

கேட்பதற்கு இது விளையாட்டுப்போல் தோன்றும். ஆனால், பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவில் வீட்டு வேலைகளையும் முடித்த பிறகே ஊசியைத் தொடும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கிடைப்பது இருபது நிமிடம்தான். ஒரு குறிப்பை முடிப்பதற்குள் அடுத்த குறிப்பு வந்துவிடும். படமும் கண்முன் இல்லை. “இத்தனை முக்கோணங்களும் எதற்கு?” என்ற சலிப்பு வரும். பலர் துணிகளைப் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்படியானால், நேரம் குறைவாக உள்ளவர் எப்படித் தொடர்ந்து முன்னேறுவது?

முதலாவதாக, வேலையைப் பங்கிட வேண்டும். ஒரு குறிப்பு 120 சிறு துண்டுகளைத் தைக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 என்ற எண் மலைக்க வைக்கும். அதையே ஏழு நாளுக்குப் பகிர்ந்தால், நாளுக்கு 18 துண்டுகள் போதும். ‘இன்று 18’ என்பது கைக்கு எட்டும் இலக்கு.

இரண்டாவதாக, ஒரே வகை வேலைகளை ஒன்றாகச் செய்ய வேண்டும். ஒரு துண்டை வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, மறுபடியும் வெட்டப் போனால் பாதி நேரம் எழுந்து நடப்பதிலேயே கழியும். ஒருநாள் வெட்டுவதற்கு, மறுநாள் தைப்பதற்கு, அதற்கடுத்த நாள் இஸ்திரி போடுவதற்கு என்று ஒதுக்கலாம். தைக்கும்போதும் ஒவ்வொரு துண்டுக்கும் நூலை வெட்ட வேண்டியதில்லை. ஒன்றின் பின் ஒன்றாக இயந்திரத்தில் செலுத்தினால், அவை தோரணம்போல் நூலில் கோத்துக்கொண்டு வரும். இறுதியில் எல்லாவற்றையும் ஒருசேரப் பிரித்துவிடலாம்.

மூன்றாவதாக, வீணாகும் நொடிகளையும் பயன்படுத்த வேண்டும். தையலின் தொடக்கத்தில் நூல் சிக்கிக்கொள்ளாமலிருக்க, ஒரு வேண்டாத துணித் துண்டை முதலில் தைப்பது வழக்கம். முடிவிலும் அப்படியே செய்வார்கள். அந்த இடத்தில், வேறொரு போர்வைக்குத் தேவையான இரு சதுரங்களை வைத்துத் தைக்கலாம் என்கிறார் போனி ஹன்டர். இம்முறையை விளக்கி 2010ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். ஒரு போர்வையைத் தைக்கும்போதே, இன்னொரு போர்வைக்கான துண்டுகளும் சிறுகச் சிறுகச் சேர்ந்துவிடுகின்றன.

அவசரம் மட்டும் கூடாது. துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளி, ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும், இணையும் இரு துண்டுகளிலும் அந்த அளவு குறையும். எட்டுத் தையல்களில் இப்படி நேர்ந்தால் மொத்த அகலத்தில் ஓர் அங்குலமே காணாமல் போகும்! முழுப் படம் தெரியாதபோது இப்பிழை உடனே கண்ணில் படாது. கடைசியில் துண்டுகளை இணைக்கும்போதுதான் தெரியும். ஆகவே, முதலில் ஒரே ஒரு துண்டைத் தைத்து, அளந்து பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். முடித்த துண்டுகளைப் பையிலிட்டு, குறிப்பின் எண்ணை எழுதி வைத்தால், சில நாள் இடைவெளி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்தங்குவது தோல்வி ஆகாது. குறிப்புகள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

முடிவு தெரியாமல் தைத்தவர்களின் கதை ஒன்று சிங்கப்பூருக்கும் உண்டு. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு, பல குடும்பங்கள் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டன. அங்கிருந்த சிறுமிகள் சிலர் சாரணியராகக் கூடினர். தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்குப் பரிசளிக்க, அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைக்க முனைந்தனர். கிடைத்த துணுக்குத் துணிகளை அறுகோணங்களாக வெட்டி, பூக்களைப்போல் இணைத்தனர்; தங்கள் பெயர்களையும் அதில் தைத்தனர். போர் எப்போது முடியும், வீடு திரும்புவோமா என்று அவர்களுக்குத் தெரியாது. அன்று கையில் இருந்த துணுக்கு மட்டும் தெரியும். அந்தப் போர்வை இன்று லண்டனில் உள்ள போர் அரும்பொருளகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

புதிர்ப் போர்வையில் முடிவு தெரியாதிருப்பது ஒரு விளையாட்டு. அச்சிறுமிகளுக்கோ அதுவே வாழ்க்கை. இரண்டிலும் கைகள் செய்த வேலை ஒன்றுதான்: இன்றைய துண்டை இன்று ஒழுங்காகத் தைத்து வைப்பது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி எவ்வளவு நகர்ந்தது என்று ஒவ்வோர் அடிக்கும் நின்று பார்க்க வேண்டியதில்லை.

சிந்தித்து விடை கூறுக

1. நேரம் குறைவாக உள்ளவர் புதிர்ப் போர்வையைத் தொடர்ந்து தைக்க உதவும் மூன்று வழிகள் யாவை?

2. முதல் துண்டை அளந்து பார்த்த பின்னரே மற்றவற்றைத் தைக்க வேண்டும் என்று கூறப்படுவது ஏன்?

3. நீங்கள் பாதியில் நிறுத்திய ஒரு வேலையை நினைவுகூர்க. நாளுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதை எவ்வாறு பங்கிடுவீர்கள்?